பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எரிந்த பச்சை விளக்கு

பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, உலோகத்தூளைக் கூட்டுவதற்காக என் சின்ன மில்லிங் மெஷினின் டேபிளைக் கையால் நகர்த்தினேன். கைச்சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகவே சுழற்றிவிட்டேன் போல. திறந்து கிடந்த பெட்டிக்குள் டிரைவரின், அதாவது டேபிளை நகர்த்தும் மோட்டாருக்குக் கரன்டை அளந்து கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டியின், பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. நிறுத்தினேன். மறுபடி சுழற்றினேன். மறுபடி எரிந்தது.

டேபிளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார், சின்னச் சின்ன அடியாக (ஸ்டெப்பாக)ச் சுழலும் ரகம். அதன் தண்டைச் சுழற்றினால் அது டைனமோ மாதிரி மின்சாரம் தரும் என்று படித்திருந்தேன்தான். ஆனால் பிளக் தரையில் கிடக்கும்போது விளக்கு எரிவதைப் பார்த்தபோது கொஞ்சம் உதறியது. அதற்கு முன்பு நான் கெடுத்துக்கொண்ட சாமான்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மோட்டார் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தபோது எதுவுமே கெட்டதில்லை. போட்டபோது, அணைத்தபோது, பிரேக் பிடித்தபோது, கழற்றியபோது, இந்த நேரங்களில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று அச்சுக்கும் நீமா 23 என்ற அளவில் மூன்று மோட்டார்கள். லேபிளில் 3 ஆம்பியர், 0.9 ஓம், 3 மில்லிஹென்றி என்று இருந்தது. முதல் இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் 2.7 வோல்ட். டிரைவரோ 20 முதல் 50 வோல்ட் வரை கேட்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். 2.7 வோல்ட் மோட்டாருக்கு 40 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கருகாதா?

கருகாது. ஏனென்றால் நடுவில் இருக்கும் டிரைவர் கரன்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சுருளில் 3 ஆம்பியர் ஏறியதும் துண்டிக்கிறது, இறங்கியதும் மறுபடி கொடுக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் தடவை. வோல்டேஜ் தேவைப்படுவது வேகத்துக்குத்தான். சுருளில் கரன்ட் சட்டென்று ஏறாது, இன்டக்டன்ஸ் என்ற அதன் குணம் (லேபிளில் இருந்த மில்லிஹென்றி) இழுத்துப் பிடிக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், சுற்றுக்கு 200 ஸ்டெப் கணக்கில், ஒரு ஸ்டெப்புக்குக் கிடைக்கும் நேரம் அரை மில்லிசெகண்ட். 12 வோல்ட் கொடுத்தால் இந்த மோட்டாரில் 3 ஆம்பியர் ஏறவே முக்கால் மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், முறுக்குவிசை போய்விடும், ஸ்டெப் தவறும். 24 வோல்ட்டில் 0.375 மில்லிசெகண்ட். 44 வோல்ட்டில் 0.2 தான்.

எவ்வளவு வோல்ட் வரை போகலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு புழக்கத்தில் உண்டு. மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்க வேண்டும். 3 மில்லிஹென்றிக்குச் சுமார் 55 வோல்ட் வரும். இது மோட்டாரின் எல்லை. அதற்கு மேல் போனால் மோட்டார்தான் சூடாகும், வேகம் பெரிதாகக் கூடாது. டிரைவருக்கு அதன் சொந்த எல்லை இருக்கிறது, என்னுடையதுக்கு 50. இரண்டில் எது குறைவோ அதற்கும் கீழே நிற்க வேண்டும். எவ்வளவு கீழே என்பதில்தான் நான் சறுக்கினேன்.

35 வோல்ட், 300 விஏ திறனுள்ள டொராய்டு, அதாவது வளைய வடிவ, டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. ஏசியை டிசி ஆக்கினால் 1.414 மடங்கு; 49.5. அப்படி ஆக்கும் டையோடு பாலத்தில் 1.4 போனால் 48. எல்லை 50. சரி, பொருந்துகிறது என்று நினைத்தேன். டிரைவர்களைச் சேர்ப்பதற்கு முன் பாலத்தையும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரையும் மட்டும் வைத்து மீட்டரில் பார்த்தேன். 54 வோல்ட்!

கணக்கு தப்பவில்லை, கணக்கில் போட்ட எண்தான் தப்பு. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 35 வோல்ட் முழு லோடு இருக்கும்போது வருவது. லோடு இல்லாதபோது 7 சதவீதம் கூடுதலாக நிற்கும். அன்று மெயின்ஸும், அதாவது சுவர் பிளக்கில் வரும் மின்சாரமும், 5 சதவீதம் உயர்ந்திருந்தது. இரண்டும் சேர்ந்து 39 வோல்ட் ஏசி ஆகிவிட்டது. ஸ்விட்ச் போட்டு மோட்டார் இன்னும் நகராமல் நிற்கும் அந்த அமைதியான நேரத்தில்தான் டிரைவர் மீது அதிக வோல்ட் விழுகிறது. அன்று மீட்டர் வைக்காமல் இணைத்திருந்தால் மூன்று டிரைவரும் ஒரே நொடியில் போயிருக்கும்.

டொராய்டின் நல்ல குணம், அதன் நடு ஓட்டை. உறையிட்ட கம்பியை அதன் வழியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி அளந்தேன். 2.9 வோல்ட் வந்தது, அதாவது சுற்றுக்கு 0.29. எனக்கு ஏசியில் 7 வோல்ட் குறைய வேண்டும். நல்ல தடிமனான கம்பியில் 24 சுற்றுச் சுற்றி, செகண்டரியோடு (35 வோல்ட் தரும் சுருளோடு) எதிர்த்திசையில் தொடராக இணைத்தேன். திசை மாறினால் குறைவதற்குப் பதில் கூடிவிடும், அதனால் இதையும் அளந்த பிறகுதான் பாலத்தில் சேர்த்தேன். டிசி 44 வோல்ட்டுக்கு வந்தது. மிச்சமிருக்கும் 6 வோல்ட் இடைவெளி வீணல்ல. கனமான டேபிள் ஓடிக்கொண்டே சட்டென்று நிற்கும்போது மோட்டார் டைனமோவாகித் திருப்பி அனுப்புவதை அந்த இடைவெளிதான் வாங்கிக்கொள்கிறது.

டொராய்டு என்றதும் ஒன்று. அதை ஒரே ஒரு போல்ட்டால் நடு ஓட்டை வழியாகப் பெட்டியில் பிடிப்பார்கள். பெட்டியின் உலோக மூடி அந்த போல்ட்டின் மேல்முனையைத் தொட்டுவிட்டால், போல்ட், மூடி, பெட்டி மூன்றும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய ஒரு முழு வளையம் ஆகிவிடும். ஷார்ட் ஆன ஒரு சுற்று அது. வோல்ட் கொஞ்சம்தான், ஆனால் ஓடும் கரன்ட் பயங்கரமாக இருக்கும். நான் மூடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

கப்பாசிட்டருக்கு வருவோம். அளவுக்கு 80,000ஐ ஆம்பியரால் பெருக்கி வோல்ட்டால் வகுக்கும் கணக்கு போதும், மைக்ரோஃபாரட் வரும். மூன்று மோட்டார் கூட்டி 9 ஆம்பியர், அதில் மூன்றில் இரண்டு பங்கு 6 ஆம்பியர். 44 வோல்ட்டுக்குச் சுமார் 11,000 வந்தது. கையில் இருந்த 15,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கப்பாசிட்டரைப் போட்டேன்.

ஒரு நாள் இதை அணைத்துவிட்டு, டிரைவர்களின் ஃபியூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தேன். திரும்பி வந்து ஒரு முனையை இறுக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் நழுவி இரண்டு முனைகளையும் தொட்டது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். ஸ்க்ரூ டிரைவர் நுனியில் சிறு பள்ளம், கண்ணில் சில நொடிகள் வெள்ளைப் புள்ளி. வழக்கமாக டிரைவர்கள் இணைந்திருந்தால் அவையே மிச்ச மின்சாரத்தைக் குடித்து முடித்துவிடும். ஃபியூஸ்களைக் கழற்றியதால் குடிக்க ஆளில்லை. 14 ஜூலுக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பாதுகாப்புக்காகக் கழற்றிய ஃபியூஸ்தான் காரணம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான ஐஇசி 60204-1 தரநிலை, அணைத்த பிறகு 60 வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருந்தால் 5 நொடிக்குள் அதற்குக் கீழே இறங்க வேண்டும் என்கிறது. என் 44 வோல்ட் அந்த வரம்புக்குள் வராது, காய்ந்த தோலில் பட்டாலும் பொதுவாகப் பெரிதாக உணராது. ஆனால் மோதிரமோ ஸ்பேனரோ குறுக்கே விழுந்தால் கதை வேறு. அன்றே கப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டேன். அதில் எந்நேரமும் 2 வாட் எரியும், அதனால் 5 வாட் ரகம். 44 வோல்ட் 5 வோல்ட்டுக்கு இறங்க 33 நொடி ஆகிறது. இந்த ரெசிஸ்டர் கப்பாசிட்டரின் முனையிலேயே இருக்க வேண்டும், ஃபியூஸுக்கு அந்தப் பக்கம் போட்டால் பயனில்லை.

அடுத்தது, நான் பெருமையாகச் செய்து வைத்திருந்த எமர்ஜென்சி ஸ்டாப். பெரிய சிவப்புப் பொத்தான். கப்பாசிட்டருக்கும் டிரைவர்களுக்கும் நடுவே டிசி கம்பியில் வைத்தேன். மெயின்ஸில் வைத்தால் கப்பாசிட்டரில் மிச்சம் இருக்குமே, இங்கே வைத்தால் உடனே நிற்கும் என்பது என் புத்திசாலித்தனம். சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை பொத்தானை விடுவிக்கும்போதும் உள்ளே "டிக்" என்று ஒரு பொறி. டிரைவருக்குள் இருக்கும் சின்னக் கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்பும் சத்தம் அது. ஒரு நாள் வெட்டும் கருவி வைஸை (உலோகத்தைப் பிடித்திருக்கும் இடுக்கியை) நோக்கிப் போனது. பொத்தானை அடித்தேன். எதுவும் நிற்கவில்லை. கருவி உடைந்து தெறித்தது. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்.

பொத்தானைத் திறந்து பார்த்தபோது இரண்டு தொடுமுனைகளும் பற்றவைத்த மாதிரி ஒட்டியிருந்தன. பொத்தானில் 250 வோல்ட், 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. அது ஏசிக்கு. ஏசி கரன்ட் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி தானாக அணையும். டிசியில் பூஜ்யம் கிடையாது, பொறி நீண்டு எரியும். டிசிக்கான எல்லை வேறு, ஏசி எண்ணைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது சிவப்புப் பொத்தான் கான்டாக்டரின் (சுருளில் கரன்ட் இருக்கும்வரை மட்டும் மூடி நிற்கும் பெரிய ஸ்விட்சின்) சுருளை மட்டும் துண்டிக்கிறது. கான்டாக்டர் மெயின்ஸைத் துண்டிக்கிறது. டிசி பக்கம் ஸ்விட்ச் என்ற ஒன்றே கிடையாது. கப்பாசிட்டரில் மிச்சமிருப்பதால் அச்சு சுமார் அரை நொடி மேலும் ஓடியது, அது எனக்கு அதிகம். அதனால் பொத்தானின் இரண்டாவது தொடுமுனை வழியாக ஓடலாமா கூடாதா என்று டிரைவர்களுக்குச் சொல்லும் எனேபிள் சிக்னலையும் மாற்றினேன். எனேபிளை மட்டும் நம்பாதீர்கள். என் டிரைவர் உட்பட பலவற்றில் அந்த முனையில் கம்பியே இல்லாவிட்டால் "ஓடு" என்றுதான் அர்த்தம். கம்பி அறுந்தால் நிற்காது. சட்டென்று நிறுத்த எனேபிள், நிச்சயமாக நிறுத்த மெயின்ஸ், இரண்டும் வேண்டும்.

கான்டாக்டருக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் விதமாக இணைத்தால், மின்வெட்டு வந்து போனால் தானாக மறுபடி ஓடாது. வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் அதே கான்டாக்டரில்தான். கையைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும்போது கரன்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்படிச் செய்த சில மாதம் கழித்து தலையை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சுக்குப் பால் ஸ்க்ரூ (உள்ளே குண்டுகள் உருளும் திருகு) மாற்றினேன். முதல் தடவை எமர்ஜென்சி ஸ்டாப் அடித்ததும் மெஷினின் தலை மெதுவாக, கம்பீரமாக, கீழே இறங்கி வந்தது. பழைய சாதா லீட் ஸ்க்ரூவில் உராய்வே தலையைத் தாங்கியிருந்தது. பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவு, மோட்டாரின் பிடிப்பு போனதும் எடை அதைச் சுழற்றிவிடும். என்னுடைய "பாதுகாப்பான" நிறுத்தம் தலையை என் கை மேல் இறக்கும் ஏற்பாடாக மாறியிருந்தது. இப்போது தலையின் எடையைக் காஸ் ஸ்பிரிங் தாங்குகிறது. கரன்ட் போனால் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டார் இன்னும் நல்லது.

டிரைவர்களைக் கொன்ற கதை மட்டும் பாக்கி. இரண்டு போயின. முதலாவது, ஒய் அச்சு திக்கித் திக்கி ஓடியபோது கனெக்டர் லூஸோ என்று ஓடும்போதே அசைத்துப் பார்த்தேன். லூஸ்தான். ஒரு சின்னப் பொறி, டிரைவர் முடிந்தது. சுருளில் ஓடும் 3 ஆம்பியருக்கு வழியை அடைத்தால் அது நிற்காமல் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு வேறு வழி தேடும். 50 வோல்ட் டிரைவரின் மாஸ்ஃபெட், அதாவது கரன்டைத் துண்டித்துக் கொடுக்கும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச், அந்த அடியைத் தாங்காது. டிரைவரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மோட்டார் கனெக்டரைத் தொடவே கூடாது. பெட்டி மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்காகத்தான்.

இரண்டாவது எனக்கு வெகுநாள் புரியவில்லை. யாரும் எதையும் தொடவில்லை, ஒரு நாள் தானாகப் போனது. காரணம் ஸ்க்ரூ முனைக்குள் நான் ஈயம் பூசி வைத்த கம்பி நுனி. பிரிபிரியாகாமல் இருக்கட்டும் என்று சால்டர் போட்டு இறுக்கியிருந்தேன். ஈயம் மிருதுவானது, அழுத்தத்தில் மெல்ல மெல்லத் தளரும். இறுக்கிய ஸ்க்ரூ சில மாதத்தில் தானாக லூஸ் ஆகும். அப்புறம் மெஷின் அதிர்வில் தொட்டும் தொடாமலும், அதாவது ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிற கதைதான். இப்போது எல்லா முனையிலும் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாய் போட்டு அழுத்தியிருக்கிறேன். மோட்டார் கம்பியில் நான் செலவழித்த நேரத்திலேயே மிகவும் பயன்பட்டது இந்த ஒரு மாலைப்பொழுது.

ஒவ்வொரு டிரைவருக்கும் 4 ஆம்பியர் ஃபியூஸ் தனித்தனியாக இருக்கிறது. அது டிரைவரைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம், மாஸ்ஃபெட் ஃபியூஸைவிட வேகமாகச் செத்துப்போகும். செத்த டிரைவர் ஷார்ட் ஆகி, கம்பி எரிந்து, பெட்டி தீப்பிடிக்காமல் இருப்பதற்குத்தான் அது. டிரான்ஸ்ஃபார்மரின் முன்பக்க ஃபியூஸ் மெதுவாக உருகும் ரகம். டொராய்டு போட்ட முதல் நொடியில் இழுக்கும் கரன்டில் சாதா ஃபியூஸ் சும்மாவே உருகிவிடும். புதிதாக எதை இணைத்தாலும் முதல் தடவை ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் கரன்ட் கொடுக்கிறேன். பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் நலம், பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

எர்த் பற்றி ஒன்றே ஒன்று. மெஷினின் வார்ப்பிரும்பு உடலுக்கு எர்த் கம்பி போட்டிருந்தேன், ஆனால் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை இறுக்கியிருந்தேன். மீட்டரில் தொடர்பே இல்லை. பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மறுபடி அளந்த பிறகுதான் அது எர்த் ஆனது.

டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் என்ற ரெடிமேட் எலக்ட்ரானிக் பவர் சப்ளை போதும் என்பவர்கள் உண்டு. என் சின்ன ரௌட்டரில், அதாவது செதுக்கும் மெஷினில், 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ்தான் இருக்கிறது. எடை குறைவு, வோல்ட் நிலையாக நிற்கும், மெயின்ஸ் ஏறினாலும் கவலையில்லை. 115/230 மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் கரன்ட் கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். 115இல் வைத்து 230 கொடுத்தால் உள்ளே இருப்பது வெடிக்கும். அதன் வேறொரு குணத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளானது. வேகமாக ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் அது அணைந்து அணைந்து எரிந்தது. லோடு அதிகம் என்று நினைத்துப் பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கப் போனேன். உண்மையில் லோடு தலைகீழாக இருந்தது. வேகமாகச் சுழலும் மோட்டாரின் ரோட்டார், ஸ்க்ரூ இவற்றில் கால் ஜூல் சக்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்ததும் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிப்பக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட்தான் இருந்தால் 36 வோல்ட் 42ஐத் தாண்டும். அதன் உயர்வோல்ட் பாதுகாப்பு விழித்துக்கொண்டு அணைத்துவிடும். வழியில் ஒரு டையோடு போட்டு, டிரைவர் பக்கம் 4,700 மைக்ரோஃபாரட் சேர்த்தேன். அதே கால் ஜூல் இப்போது 37.4 வோல்ட் வரைதான் ஏற்றும். கப்பாசிட்டரை மிகப் பெரிதாகப் போட்டால் எஸ்எம்பிஎஸ் அதையே ஷார்ட் என்று நினைத்துக் கிளம்ப மறுக்கும், அதையும் ஒரு நாள் பார்த்தேன்.

சூடு பற்றிப் பயப்பட வேண்டாம். மோட்டார் மேல் கை வைக்க முடியாத அளவு, 60 அல்லது 70 டிகிரி, இருப்பது சாதாரணம். ஆனால் டிரைவரின் அட்டவணையில் கரன்ட் உச்ச அளவிலா ஆர்எம்எஸ் அளவிலா (உச்சத்தை 1.414ஆல் வகுத்தது) என்று பாருங்கள். 4.2 ஆம்பியர் உச்சம் என்பது 3 ஆம்பியர் ஆர்எம்எஸ். எண்ணைக் குழப்பிக்கொண்டால் மோட்டார் நாற்பது சதவீதம் கூடுதல் கரன்டில் வேகும். நிற்கும்போது கரன்டைப் பாதியாக்கும் ஸ்விட்சையும் போட்டுவிடலாம், கனமான தலையைத் தாங்கும் இசட் அச்சில் மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

அந்தப் பச்சை விளக்குக்கு வருகிறேன். டேபிளைக் கையால் நகர்த்தினால் இப்போது மெதுவாகத்தான் நகர்த்துகிறேன், விளக்கு எரியாத வேகத்தில். அடுத்து நான்காவதாகச் சுழல் டேபிள் சேர்க்கப் போகிறேன். இந்த 300 விஏ தாங்குமா என்று போன வாரம் டிசி கம்பியில் அம்மீட்டர் போட்டு, மூன்று அச்சும் வெட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். 2.5 ஆம்பியர்தான் இழுக்கிறது. மோட்டாரில் 3 ஆம்பியர் ஓடினாலும் டிரைவர் அதை 44 வோல்ட்டிலிருந்து இறக்கித் தருவதால் மேலே அவ்வளவு தேவைப்படுவதில்லை. ஃபியூஸ் பெட்டியில் நான்காவது இடம் காலியாகவே இருக்கிறது.